செட்டில்மென்ட்டில் முடித்த கடன், எஃப்.டி. கார்டு, சிபில்: மூன்று வருஷத்துக்கு மேலான எங்கள் அனுபவம்

ராயக்கோட்டை பக்கம் குட்டி யானை வைத்துத் தக்காளி லோடு அடிக்கிறவர்கள் வீட்டில் ஏதாவது ஒரு டியூ ஓடிக்கொண்டேதான் இருக்கும். எங்கள் வீட்டில் வண்டி டியூ, என் பெயரில் குழு லோன், அதைக் கட்ட ஆப்பில் எடுத்த சின்னக் கடன், அதையும் கட்ட நகை அடகு என்று ஒன்றை வாங்கி இன்னொன்றை அடைத்தே பல வருஷம் போனது. 2020 ஊரடங்கில் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி வழி செய்தது. தள்ளுபடி என்றே எங்கள் தெருவில் பலர் நினைத்தார்கள், ஆனால் அந்த மாதங்களுக்கும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது. அதற்கப்புறம் வண்டி டியூவை எங்களால் பிடிக்கவே முடியவில்லை. கடைசியில் ஃபைனான்சில் ஒரு தொகையைச் சொல்லி, இதைக் கட்டிவிட்டால் மீதியை விட்டுவிடுகிறோம் என்றார்கள். என் வளையலை விற்றுக் கட்டினோம்.

அதோடு முடிந்தது என்றுதான் இருந்தோம். பிறகு வேறொரு கடனுக்கு வங்கிக்குப் போனபோது மேனேஜர் பார்த்துவிட்டு, "ஸ்கோர் 540 பக்கம் இருக்கும்மா, அதைக்கூட ஏத்திடலாம், சார் பேர்ல ‘செட்டில்டு’ன்னு ஒரு லோன் இருக்கே, அதை முதல்ல சரி பண்ணுங்க" என்றார். ஸ்கோர் என்றால் கடனை எப்படிக் கட்டியிருக்கிறோம் என்பதைப் பார்த்துப் போடுகிற மார்க், சிபில் ஸ்கோர் என்பார்கள். 300இலிருந்து 900 வரை போகிற அதில் 750க்கு மேல் இருந்தால் நல்லது. ‘செட்டில்டு’ என்ற சொல்லுக்கு, வாங்கியதை முழுசாகக் கட்டவில்லை, கடன் கொடுத்தவர் நஷ்டப்பட்டு முடித்துக்கொண்டார் என்று அர்த்தம் என்பதை எங்களுக்கு அன்றுவரை யாரும் சொல்லவில்லை. ‘க்ளோஸ்டு’ என்று இருந்தால்தான் முழுசாக அடைத்த கடன். செட்டில்மென்ட்டுக்குக் கூப்பிடும்போது இதை வாய் திறந்து சொல்லமாட்டார்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, முதலில் ரிப்போர்ட். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நம் கடன் விவரங்களைச் சேர்த்து வைத்து ரிப்போர்ட்டும் ஸ்கோரும் தருகிற நான்கு கம்பெனிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும், 2017இலிருந்தே விதி இது. நம்முடையதை நாமே பார்த்தால் ஸ்கோர் குறையாது. நான்கையும் எடுங்கள் என்பேன், ஏனென்றால் எனக்கு ஒன்றில் இல்லாத தவறு இன்னொன்றில் இருந்தது. ரிப்போர்ட்டில் ஸ்கோரை விட முக்கியம் ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாக இருக்கும் கட்டங்கள். ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் 000 இருக்கும், தாமதமானால் எத்தனை நாள் தாமதம் என்று 030, 060, 090 என ஏறிக்கொண்டே போகும். வீட்டுக்காரர் வண்டி லோன் வரிசையைப் பார்த்தபோது எங்கள் குடும்பத்தின் எந்த மாதம் எப்படி இருந்தது என்பதையே யாரோ எழுதி வைத்த மாதிரி இருந்தது. தக்காளி விலை விழுந்த மாதங்களை அதிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

என் ரிப்போர்ட்டில் எப்போதோ முடித்த ஒரு குழு லோன் இன்னும் பாக்கி என்று காட்டியது. குழு லோன் எல்லாம் சிபிலில் வராது என்று குழு கூடுகிற சென்டரில் பெண்கள் பேசிக்கொள்வார்கள், நம்பாதீர்கள், வரும். நல்ல வேளையாக வாரா வாரம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த லோன் கார்டைப் பீரோவில் வைத்திருந்தேன். அதைப் போட்டோ எடுத்து ஆன்லைனில் புகார் போட்டேன். கடன் கொடுத்த கம்பெனி ஒத்துக்கொண்டால்தான் ரிப்போர்ட் கம்பெனி மாற்றும், 30 நாளுக்குள் முடிக்காவிட்டால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது. எனக்கு அந்த விதி வருவதற்கு முன்பே, இழுத்தடித்து, ஒருவழியாக மாறியது.

வண்டிக் கடன்தான் பாடுபடுத்தியது. விட்டுக்கொடுத்த மீதியையும் கட்டிவிடுகிறோம், ‘க்ளோஸ்டு’ என்று மாற்றுங்கள் என்று கேட்டால் கிளையில் இருந்தவருக்கே புரியவில்லை. மெயிலில் எழுதி வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டக்கூடாது என்று உட்கார்ந்தோம். தொகை எவ்வளவு, கட்டினால் என்னவென்று மாற்றுவார்கள், பாக்கி இல்லை என்கிற நோ டியூ சான்று எப்போது தருவார்கள் என்ற மூன்றும் எழுத்தில் வந்த பிறகுதான் கட்டினோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் சிபில் க்ளியர் பண்ணித் தருகிறேன் என்று பணம் கேட்கிறவர்களிடம் போகாதீர்கள். சரியான தகவலை யாராலும் அழிக்க முடியாது, தவறான தகவலைத் திருத்த நாமே போதும்.

இதெல்லாம் பழையதைத் துடைப்பது. புதிதாக நல்ல பெயர் எடுக்க உதவியது எஃப்.டி. கார்டு. 20,000 ரூபாய் டெபாசிட் போட்டு, அதன் மேல் 18,000 லிமிட்டில் வீட்டுக்காரர் பெயரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினோம். வருமானச் சான்று கேட்கவில்லை, டெபாசிட்டுக்கு வட்டியும் வந்துகொண்டிருந்தது. வண்டிக்கு டீசல் மட்டும் அதில் போடுவோம், லிமிட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவிடமாட்டோம், பில் வந்ததும் முழுசாகக் கட்டிவிடுவோம். முழு பில்லையும் கட்டாமல், குறைந்தது இவ்வளவு கட்டு என்று காட்டும் மினிமம் டியூ மட்டும் கட்டினால் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி போடும் கார்டுகள் நிறைய, ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தால் அன்றைக்கே வட்டி ஆரம்பம். இந்த இரண்டையும் செய்கிற ஆளாக இருந்தால் இந்தக் கார்டே வேண்டாம், டெபாசிட் போய்விடும்.

மண்டியில் பணம் கையில்தான் கிடைக்கிறது. அதனால் டியூவுக்கென்று தனிக் கணக்கு வைத்து, லோடு இறக்கிய அன்றே கொஞ்சம் அதில் போட்டுவிடுவேன். ஆட்டோ டெபிட் பவுன்ஸ் ஆனது அதற்கப்புறம் இல்லை.

முதல் ஆறேழு மாதம் ஸ்கோர் அசையவே இல்லை, விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பிறகு மெதுவாக ஏறி இப்போது 730ஐத் தாண்டியிருக்கிறது. போன வருஷம் செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு வங்கியிலேயே கடன் கிடைத்தது, வட்டி மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம், என் தம்பியின் ஜாமீன் கையெழுத்தும் கேட்டார்கள். அவன் பெயரிலும் இந்தக் கடன் ஏறும், நாங்கள் தவறினால் அவன் ஸ்கோரும் விழும் என்று ரிப்போர்ட்டைக் காட்டிச் சொன்ன பிறகே கையெழுத்து வாங்கினேன்.