மோட்டார்ஹோம் வாடகை: சாவி வாங்குமுன் பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள்

லாஸ் வேகஸில் மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு ஓடும் வீட்டு வண்டி) எடுத்து சயான், பிரைஸ் தேசியப் பூங்காக்கள், பேஜ் ஊர், கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு என்று ஒரு வட்டம் அடித்துத் திரும்ப நினைக்கும் குடும்பங்கள் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள். ஜூலையில் வாடகைக்கு வந்த ஒரு 28 அடி சி கிளாஸ் வண்டியில் (வேன் முகப்பும் அதன்மேல் படுக்கையும் உள்ள வகை) முதல் இரவே பிரிட்ஜ் குளிரவில்லை. பிரைஸில் பேட்டரி படுத்தது. பேஜ் போகும் வழியில் பின்டயர் வெடித்தது. உதவி எண்ணில் கிடைத்த ஒரே பதில்: "இங்கிருந்து கிளம்பும்போது எல்லாம் நன்றாகத்தானே ஓடியது, நீங்களே பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே." வண்டியைத் திரும்பக் கொடுத்த பிறகு 1,500 டாலர் டெபாசிட்டில் ஒரு சென்ட்கூட வரவில்லை. ஜெனரேட்டர் ஓடிய மணி, புரொப்பேன் கேஸ், கழிவுத் தொட்டி, டயர், கூடுதல் மைல் என்று வரி வரியாக எழுதிக் கழித்துவிட்டார்கள். கடையின் பெயர் தெரிந்து பெரிய பயன் இல்லை, பக்கத்துக் கடையிலும் இதே வித்தை நடக்கும். வித்தை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் போதும்.

அந்தக் கையெழுத்தில் பொய் இல்லை என்பதுதான் கொடுமை. கடை முற்றத்தில் வண்டி எப்போதும் 30 ஆம்ப் கரண்ட் கம்பியில் செருகியபடி நிற்கும். ஊழியர் விளக்கு போடுவார், பம்ப் ஓடும், ஏசி ஊதும், பிரிட்ஜின் பச்சை விளக்கு எரியும். எல்லாம் கடைக் கரண்டில். நீங்கள் போகிற இடங்களில் அந்தக் கம்பி கிடையாது. பிரைஸில் நார்த், சன்செட் என இரண்டு கேம்ப்கிரவுண்டும் கரண்ட் இல்லாதவை. கிராண்ட் கேன்யனின் மேதர் கேம்ப்கிரவுண்டிலும் இல்லை. அங்கே 30 அடிக்கு மேல் வண்டியும் நிற்கக் கூடாது. தெற்கு விளிம்பில் டிரெய்லர் வில்லேஜில் மட்டும்தான் ஹூக்கப் (கரண்ட், தண்ணீர், கழிவுக் குழாய் இணைப்பு) உண்டு. ஆகவே முதல் வேலை, பிளக்கைப் பிடுங்கச் சொல்வது. எஞ்சினும் அணைந்திருக்க வேண்டும். உள்விளக்கு எல்லாவற்றையும் போட்டு, கூரை விசிறியை ஓடவிட்டு, அரைமணி கழித்து உள்ளே சுவரிலுள்ள மீட்டர் பேனலில் வோல்டேஜ் பாருங்கள். நல்ல ஈய அமில பேட்டரி சும்மா இருக்கையில் 12.6, 12.7 காட்டும். 12.2 என்றால் பாதி காலி. இந்தச் சின்னச் சுமைக்கே அதற்குக் கீழே இறங்கினால் அந்த பேட்டரி ஓர் இரவு தாங்காது. பேட்டரியை மாற்றிக் கொடுத்தால் இந்த வண்டி, இல்லையென்றால் வேறு வண்டி.

பாலைவனம்தானே, பேட்டரி போனால் இருட்டில் இருந்துகொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். பிரைஸ் 8,000 அடிக்கு மேலே இருக்கிறது, கோடையிலும் இரவில் நன்றாகக் குளிரும். ஹீட்டர் எரிவது புரொப்பேனில் என்றாலும் அதன் விசிறிக்கும் பற்றவைக்கும் பலகைக்கும் 12 வோல்ட் வேண்டும். தண்ணீர் பம்புக்கும் அதே. நள்ளிரவில் கேஸ் அலாரம் கீச்சிடுவதும் பல நேரம் வோல்டேஜ் குறைவதால்தான். அந்த அலாரத்தின் ஆயுள் பொதுவாக 5 முதல் 7 வருடம், தேதி அதன் உடம்பிலேயே அச்சாகியிருக்கும். காலாவதியான அலாரத்தோடு குழந்தைகளை உள்ளே தூங்க வைக்காதீர்கள்.

அடுத்தது பிரிட்ஜ். பழைய வண்டிகளில் இருப்பது அம்மோனியாவைச் சூடாக்கிக் குளிரவைக்கும் வகை. கம்ப்ரசர் இல்லை, சத்தம் இல்லை, அவசரமும் இல்லை. வெறும் பெட்டி குளிரவே 8 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். மதியம் மூன்று மணிக்கு வண்டியைக் கையில் கொடுக்கும்போது "இப்போதுதான் ஆன் செய்தோம், ஓடஓடக் குளிர்ந்துவிடும்" என்றால், அன்று வாங்கிய பாலும் தயிரும் இட்லி மாவும் மறுநாள் குப்பைக்குத்தான். முந்தைய இரவே ஆன் செய்து வைக்க மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். எடுக்கும்போது உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். 40 டிகிரி பாரன்ஹீட்டுக்குமேல் இருந்தால் அதைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு பிளக் இல்லாமல், புரொப்பேனில் பற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். முற்றத்தில் இதை யாரும் செய்து காட்டுவதில்லை. பற்றாத பிரிட்ஜில் பல நேரம் பர்னரில் துருவும் சிலந்திக்கூடும் அடைத்திருக்கும், சுத்தம் செய்யும் சின்ன வேலைதான், ஆனால் அது அவர்கள் வேலை. இந்த வகைக்கு வண்டி மட்டமாக நிற்கவும் வேண்டும். சரிவில் நிறுத்தினால் உள்ளே திரவம் ஓடாது. வெளியே 100 டிகிரிக்கு மேல் போனால் நல்ல பிரிட்ஜ்கூடத் திணறும். பிரிட்ஜின் பின்னால் வண்டியின் வெளிச்சுவரில் உள்ள ஜாலி வெயிலைப் பார்க்காதபடி நிறுத்துங்கள், பொருளைக் குளிரவைத்தே உள்ளே வையுங்கள். புது வண்டிகளில் 12 வோல்ட் கம்ப்ரசர் பிரிட்ஜ் இருக்கிறது. அது சீக்கிரம் குளிரும், ஆனால் பேட்டரியைக் குடிக்கும். ஒற்றை பேட்டரி வண்டியில் அது இருந்தால் கூரையில் சோலார் உண்டா என்று கேளுங்கள்.

ஏசிக்கும் ஒரு தெர்மாமீட்டர் போதும். பத்து நிமிடம் ஓடிய பிறகு, காற்றை உறிஞ்சும் இடத்திலும் குளிர்காற்று வரும் துவாரத்திலும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 16 முதல் 22 டிகிரி பாரன்ஹீட் வித்தியாசம் வேண்டும். பத்துதான் வருகிறது என்றால் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது வாயு போய்விட்டது. இந்தச் சோதனையை ஜெனரேட்டரில் செய்யுங்கள், கடைக் கரண்டில் வேண்டாம். 4,000 வாட் ஜெனரேட்டர் வண்டியின் பெட்ரோல் டேங்கிலிருந்தே குடிக்கும், ஏசியோடு ஓடினால் மணிக்கு அரை கேலனைச் சுற்றி. டேங்க் கால்வாசிக்கு வந்ததும் தானாக நின்றுவிடும். வழியில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அப்படித்தான் குழாயை வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் உதவி எண்ணைக் கூப்பிட்டு, மெக்கானிக் வந்து "ஒன்றும் கெடவில்லை" என்று எழுதிப்போய், அந்தக் கூலியும் பில்லில் ஏறிய கதைகள் உண்டு. உயரம் ஏற ஏற ஜெனரேட்டரின் சக்தியும் குறையும், ஆயிரம் அடிக்கு மூன்றரை சதவீதம் என்பது கணக்கு. சயானின் வாட்ச்மேன் கேம்ப்கிரவுண்டில் ஜெனரேட்டர் போடவே அனுமதி இல்லை, அங்கே கரண்ட் உள்ள இடமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

பணம் அதிகம் போவது இந்த ஜெனரேட்டர் மணிக் கணக்கில்தான். ஸ்டார்ட் ஸ்விட்ச் பக்கத்தில் மணி மீட்டர் ஒன்று இருக்கும். ஒப்படைப்புத் தாளில் அந்த எண்ணுக்கான கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். முந்தைய வாடிக்கையாளர் ஓட்டியதும், கடையிலேயே சோதனைக்கு ஓட்டியதும் உங்கள் தலையில் விழும். மைல் மீட்டர், மணி மீட்டர், பெட்ரோல் முள், புரொப்பேன் டேங்க் மீதுள்ள முள், நான்கையும் ஒரே வீடியோவில் எடுங்கள். புரொப்பேன் முழுதாக நிரப்பினாலும் 80 சதவீதம்தான் ஏறும், பாதுகாப்புக்காக அந்த வால்வே நிறுத்திவிடும். "முள் முழுசா காட்டல, நிரப்பிக் கொடுக்கல" என்று காசு கழித்தால் இதைச் சொல்லுங்கள்.

டயர் விஷயத்தில் மேற்பரப்புப் பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். மோட்டார்ஹோம் டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும். பக்கச்சுவரில் டி.ஓ.டி. (அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக் குறியீடு) எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் பாருங்கள். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறு ஏழு வருடம் தாண்டிய டயரை ஜூலைத் தார்ச்சாலையில் எடுத்துப்போவது வீண்வம்பு. பின்னால் ஒவ்வொரு பக்கமும் இரட்டைச் சக்கரம். உள்சக்கரத்தின் வால்வுக்குக் கை எட்டாது என்பதால் கடையில் யாரும் காற்று பார்ப்பதில்லை. அது குறைந்தால் வெளிச்சக்கரம் பாரம் முழுவதையும் சுமந்து, சூடேறி வெடிக்கும். வெடித்த டயர் சக்கரக் கூண்டைக் கிழித்து கழிவுக் குழாயையும் வயரையும் அடித்துக்கொண்டு போகும். உள்வால்வை எட்டும் நீளமான முனை உள்ள காற்றழுத்த மீட்டர் ஒன்று கையில் இருக்கட்டும். கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் எத்தனை பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் என்று இருக்கும், ஓட்டுமுன் குளிர்ந்த நிலையில் அதற்குச் சரிபாருங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா, இல்லையென்றால் யார் வருவார்கள், எத்தனை மணியில், இதையும் கேட்டுவிடுங்கள். மேலே சொன்ன வண்டியில் வெடித்தது எட்டு வருட டயர். அதற்கும் வாடிக்கையாளரிடமே காசு எடுத்தார்கள், ஏனென்றால் "முழுக் காப்பீடு" என்று விற்ற தாளின் நான்காம் பக்கத்தில் டயர், கண்ணாடி, கூரை, அடிப்பாகம், ஏனிங் (பக்கவாட்டில் விரியும் வெயில் துணி) எதுவும் சேராது என்று இருந்தது. பல ஒப்பந்தங்களில் அப்படித்தான் இருக்கிறது. கிரெடிட் கார்டு தரும் கார் வாடகைக் காப்பீட்டையும் நம்பாதீர்கள், பெரும்பாலான கார்டுகள் மோட்டார்ஹோமை விலக்கிவைக்கின்றன.

கழிவுத் தொட்டிக்கு ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். பேனலில் கருப்புத் தொட்டி (கழிப்பறைக் கழிவு போகும் தொட்டி) மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததாகக் காட்டினால் உடனே சொல்லுங்கள். சென்சாரில் காகிதம் ஒட்டிப் பொய் காட்டலாம், முந்தையவர் விட்டதாகவும் இருக்கலாம், இரண்டுக்கும் திரும்பும்போது நீங்கள்தான் காசு கட்டுவீர்கள். கழிவுக் குழாயின் வெளிமூடியைத் திறந்ததும் சொட்டினால் வால்வு கசிகிறது.

மைல் கணக்கும் ஒரு பொறி. லாஸ் வேகஸிலிருந்து சயான் வாசலில் உள்ள ஸ்பிரிங்டேல் 160 மைல், அங்கிருந்து பிரைஸ் 85, பேஜ் 150, தெற்கு விளிம்பு 135, திரும்ப 280. இதுவே 800ஐத் தாண்டுகிறது, அங்கங்கே திரும்பி வந்தால் ஆயிரம். நாளுக்கு 100 மைல் என்று ஏழு நாள் பேக்கேஜ் விற்பவருக்கு இது நன்றாகத் தெரியும். அதிலும் அந்த 85 மைல் சயானின் மவுண்ட் கார்மெல் சுரங்கம் வழியாகப் போட்ட கணக்கு. 1930இல் திறந்த, 1.1 மைல் நீளச் சுரங்கம் அது. நெடுநாளாக 11 அடி 4 அங்குல உயரம் அல்லது 7 அடி 10 அங்குல அகலம் தொட்ட வண்டிகளுக்கு 15 டாலர் வாங்கிக்கொண்டு, எதிர்ப்பக்கத்தை நிறுத்தி நடுவில் விடுவார்கள். 2026 நடுப்பகுதியிலிருந்து அந்த அளவைத் தாண்டும் வண்டிகளுக்கு அந்தச் சாலையே இல்லை என்று பூங்கா அறிவித்துவிட்டது. சி கிளாஸ் வண்டி ஏறக்குறைய எல்லாமே எட்டு அடிக்கு மேல் அகலம். ஹரிக்கேன், பிரிடோனியா, கனாப் ஊர்கள் வழியாகச் சுற்றினால் அந்தத் துண்டு மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பழைய சுரங்கக் கணக்கில் வழித்திட்டம் அச்சடித்துக் கொடுக்கும் கடைகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

மண்சாலைக்கும் அபராதம் உண்டு, வண்டியில் ஜி.பி.எஸ். ஒளிந்திருக்கும். மான்யுமென்ட் வேலியின் 17 மைல் மண்சாலைச் சுற்றும், மோக்கி டக்வே என்ற செங்குத்து மண்சாலையும் இந்த வண்டிகளுக்கு உரியவை அல்ல. டெத் வேலிக்குக் கோடையில் போகக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள்; இருந்தால் அங்கே பழுதான வண்டியை இழுக்கும் செலவு முழுதும் உங்களுடையது.

தனியார் வண்டியை இணையத்தளம் வழியாக எடுப்பவர்கள், உரிமையாளர் "நேரடியாக அனுப்புங்கள், கமிஷன் மிச்சம்" என்றால் அதோடு விட்டுவிடுங்கள். தளத்துக்கு வெளியே பணம் போனால் தளத்தின் காப்பீடும் போச்சு.

டெபாசிட்டை டெபிட் கார்டில் கொடுக்காதீர்கள், கிரெடிட் கார்டில் கொடுங்கள். வண்டியை விடும்போது கடை திறந்திருக்கும் நேரமாகப் போய், ஊழியர் எதிரில் அதே நான்கு முள்ளையும் மறுபடி வீடியோ எடுத்து, "சேதம் இல்லை" என்று எழுதி வாங்குங்கள். இரவில் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு விமானம் பிடித்தால் மறுநாள் காலையில் ஏனிங் கிழிந்திருக்கும். தவறாகக் கழித்திருந்தால் முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள், பதில் வரட்டும் என்று மாதக்கணக்கில் உட்கார வேண்டாம். அமெரிக்கக் கடன் அட்டைச் சட்டப்படி, அந்தத் தொகை வந்த முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் முறையிட வேண்டும். வீடியோ, ஒப்படைப்புத் தாள், பிரிட்ஜைப் பற்றி நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல், மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். ஃபோனில் பேசியதை வங்கி கணக்கில் எடுக்காது.