துலா மைக் இரண்டு: 012-ஆ, 319-ஆ?

ரஷ்யாவில் ஸ்டுடியோ போடுகிறவர், உள்நாட்டு மைக்கே போதும் என்று முடிவெடுத்தால், பேச்சு சுற்றிச் சுற்றி துலா நகரத்துக்குத்தான் வரும். 1927-இல் தொடங்கிய ஒக்டாவா ஆலை அங்கேதான் இருக்கிறது. அதன் கண்டென்சர் மைக்குகளில் (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும், நுணுக்கமான ஒலியையும் பிடிக்கும் வகை) அதிகம் அடிபடும் பெயர்கள் இரண்டு: ஒல்லியான எம்கே-012, பருத்த எம்கே-319. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு 012-க்கு. பாட்டு மட்டுமே பதிவு செய்கிறவர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

012-இன் பலம் அதன் தலையில். ஒலியைப் பிடிக்கும் அந்தத் தலைதான் கேப்ஸ்யூல். கார்டியாய்டு (முன்பக்க ஒலியை அதிகம் பிடிப்பது), ஹைப்பர்கார்டியாய்டு (அதைவிடக் குறுகலாகப் பிடிப்பது), ஆம்னி (எல்லாப் பக்கமும் பிடிப்பது) என்று மூன்று. வேண்டியதைத் திருகி மாட்டிக்கொள்ளலாம். ஒலி அளவை 10 டெசிபெல் குறைக்கும் பேடும் அதே திருகில் நடுவே உட்காரும். அக்கூஸ்டிக் கிட்டார் என்றால் கார்டியாய்டை கழுத்தின் 12-ஆவது ஃப்ரெட்டுக்கு (குறுக்குக் கம்பிக்கு) நேராக, ஓரடி தள்ளி வையுங்கள். விரல் நரம்பில் உரசுவதுகூடத் தெளிவாக விழும். துளைக்கு நேரே வைத்தால் குடத்துக்குள் இருந்து வாசிப்பதுபோல பேஸ் குமுறும். ஆம்னியில் அந்தத் தொல்லை குறைவு. கிட்டே வைத்தாலும் பேஸ் ஊதாது. ஆனால் அறை மோசமாக இருந்தால் அதையும் அப்படியே அள்ளிக்கொண்டு வந்துவிடும்.

காற்றுதான் இதன் எதிரி. ஒரு 'ப' அழுத்திச் சொன்னால் போதும், ஸ்பீக்கரில் 'தும்' என்று குத்தும். பாப் ஃபில்டர் (வாய்க்காற்றைத் தடுக்கும் வலை) இருந்தாலும் வாய்க்கு நேரே வைக்காமல் சற்று மேலிருந்து சாய்த்து வைப்பேன். தரையில் யாராவது நடந்தால் ஸ்டாண்ட் வழியாக அதுவும் ஏறும், ஷாக் மவுண்ட் (அதிர்வைத் தடுக்கும் பிடி) இல்லாமல் ஆகாது. கேப்ஸ்யூல் மாற்றும் முன் மைக்குக்குப் போகும் 48 வோல்ட் மின்சாரத்தை அணைத்துவிடுங்கள். அவசரத்தில் நான் ஒருமுறை மறந்து, ஹெட்ஃபோன் போட்டிருந்த பாடகரைத் துள்ள வைத்திருக்கிறேன்.

சரி, 319. பெரிய டயஃப்ரம் (ஒலி பட்டு அதிரும் சவ்வு), கார்டியாய்டு மட்டும். பேஸ் வெட்ட ஒரு சுவிட்சு, 10 டெசிபெல் குறைக்க ஒரு சுவிட்சு. மெலிந்த குரலுக்குச் சதை போடுவதில் 012 இதன் பக்கத்தில் வராது. குறை அதன் வலைக்கூட்டில். நகத்தால் சுண்டினால் கிண்ணம்போல ஒலிக்கும். கொஞ்சம் கூர்மையான குரல் வந்தால் அந்த ஒலிப்பும் சேர்ந்து காதைக் கீறும். கைவேலை தெரிந்தவர்கள் கூட்டைக் கழற்றி அதிர்வை அடக்கிப் பார்ப்பார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. கட்டைக் குரல், கிட்டார் ஆம்ப் என்றால் கழற்றாமலே காரியம் நடக்கும்.

துலாவிலேயே கையால் செய்யப்படும் சோயுஸ் மைக்குகளும் உண்டு. அது வேறு பட்ஜெட்காரர்கள் பேச்சு. லெனின்கிராடின் லோமோ வால்வு மைக்குகளோ (ஆமாம், கேமராவுக்குப் பேர் போன அதே லோமோதான்) இப்போது சேகரிப்பவர்கள் கையில்.

பழைய ஒக்டாவாவில் ஒன்றுபோல ஒன்று இருக்காது. ஸ்டீரியோவுக்கு இரண்டு 012 வேண்டுமென்றால் ஆலையே ஜோடி பொருத்தித் தருவதை வாங்குங்கள். செகண்ட் ஹாண்ட் என்றால், மைக்கைக் கெட்டியான துணியில் சுற்றி, அமைதியான அறையில் கெய்னை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) நன்றாக ஏற்றி, சும்மா அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். ஒரே சீரான 'ஸ்ஸ்' என்றால் பரவாயில்லை. நடுநடுவே எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோலக் கேட்டால் கேப்ஸ்யூலில் ஈரமோ அழுக்கோ இருக்கும். விலை எவ்வளவு இறங்கினாலும் நான் தொடமாட்டேன்.