சிலிக்கனா, அடுக்குக் கலமா, செயற்கை ஒளிச்சேர்க்கையா: சிங்கப்பூர் கூரைக்கு எந்த ஆராய்ச்சி?

சிங்கப்பூரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, இடத்துக்குத்தான் பஞ்சம். இங்கே ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஆண்டுக்குச் சுமார் 1,580 கிலோவாட் மணி சூரிய ஆற்றல் விழுகிறது. ஆனால் மொத்த நிலப்பரப்பே ஏறக்குறைய 735 சதுர கிலோமீட்டர். பதினாறு மாடி வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கில் நூறு குடும்பங்கள் குடியிருந்தாலும் கூரை ஒன்றுதான். அதிலும் தண்ணீர்த் தொட்டி, மின்தூக்கி இயந்திர அறை எல்லாம் போக மிஞ்சிய இடத்தில்தான் சோலார் பேனல் வைக்க முடியும். தரையில் இடமில்லாததால்தான் தெங்கே நீர்த்தேக்கத்தின் மேல் 45 ஹெக்டேரில் 122,000 பேனல்களை மிதக்கவிட்டு, 2021இல் 60 மெகாவாட் நிலையத்தைத் திறந்தார்கள்.

ஆகவே நமக்கு விழும் வெயிலில் எவ்வளவு மின்சாரமாக மாறுகிறது என்பது பெரிய கேள்வி. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு புளோக் கூரையில் 500 சதுர மீட்டருக்குப் பேனல் போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். சூடு, தூசு, இன்வெர்ட்டர் இழப்பு என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுவோம். 22 விழுக்காட்டுத் திறன் கொண்ட பேனல் ஆண்டுக்குச் சுமார் 139,000 கிலோவாட் மணி தரும். அதே இடத்தில் 28 விழுக்காட்டுப் பேனல் இருந்தால் சுமார் 177,000. மாதம் 400 கிலோவாட் மணி ஓடும் வீடாக இருந்தால், அந்த வித்தியாசம் மட்டும் கிட்டத்தட்ட எட்டு வீடுகளின் ஓராண்டுத் தேவை. கூரையை ஒரு அங்குலம்கூடப் பெரிதாக்காமல் கிடைப்பது இது.

வெளிநாட்டிலிருந்து மின்சாரம் வாங்கிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். வாங்கத்தான் போகிறோம். 2035க்குள் 6 கிகாவாட் அளவுக்குக் குறைந்த கரிம மின்சாரத்தை இறக்குமதி செய்வது அரசின் இலக்கு. இன்றைக்கு நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது, அதுவும் வெளியிலிருந்து வருவதுதான். நம் தலைக்கு மேல் விளைகிற மின்சாரம் எவ்வளவு கூடினாலும் நல்லது என்பதால் இறக்குமதியைக் காட்டி ஆராய்ச்சியைத் தள்ளிவைக்க முடியாது.

வெயிலை ஆற்றலாக மாற்றும் திறனைக் கூட்ட இப்போது மூன்று பாதைகள் போட்டியில் இருக்கின்றன. மூன்றுமே பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து இழுக்கும் தேர்கள். ஆனால் சேர்ந்து வேலை செய்யும் விதம் ஒவ்வொன்றிலும் வேறு.

சிலிக்கன்: நம்பகமானது, எல்லையை நெருங்கிவிட்டது

1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் காட்டிய சிலிக்கன் சூரியக் கலத்தின் திறன் 6 விழுக்காடு. இன்று ஆய்வுக்கூடச் சாதனை 27ஐத் தாண்டிவிட்டது. சந்தையில் கிடைக்கும் நல்ல பேனல்கள் 22, 23 என்று நிற்கின்றன. இந்த வளர்ச்சியில் பெரும் பங்கு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துக்கு உண்டு. கலத்தின் பின்புறத்தில் மின்னூட்டம் வீணாகாமல் தடுக்கும் ‘பெர்க்’ அமைப்பு அங்கேதான் உருவானது. அதற்காக மார்ட்டின் கிரீன், ஆண்ட்ரூ பிளேக்கர்ஸ், ஐஹுவா வாங், ஜியான்ஹுவா சாவோ நால்வருக்கும் 2023இல் எலிசபெத் அரசி பொறியியல் பரிசு கிடைத்தது.

சிங்கப்பூருக்கு இந்தப் பாதை வந்தது ஆட்கள் வழியாக. 2008இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சூரிய சக்தி ஆய்வு நிலையமான ‘செரிஸ்’ தொடங்கியபோது அதற்குத் தலைமை ஏற்றவர் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் சூரிய ஆற்றல் நிலையத்தை நடத்திய யோக்கிம் லூத்தர். அவருக்குப் பின் வந்த ஆர்மின் ஆபர்லே, நியூ சவுத் வேல்ஸ் மரபில் வேலை செய்தவர். இப்படி இரண்டு பெரிய பள்ளிகளின் அனுபவம் பல்கலைக்கழகத்தின் கென்ட் ரிட்ஜ் வளாகத்தில் வந்து சேர்ந்தது.

ஆனால் சிலிக்கனுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஒற்றைச் சிலிக்கன் கலம் 29.4 விழுக்காட்டைத் தாண்ட இயற்பியல் விடாது. மிஞ்சியிருப்பது ஏறத்தாழ இரண்டு விழுக்காடுதான். அதையும் சீனத் தொழிற்சாலைகள் தம் சொந்தப் பணத்திலேயே எட்டிப் பிடித்துவிடும். இன்னொரு குறை நமக்கு நேரடியாக வலிப்பது. பேனலின் திறனை 25 டிகிரி செல்சியசில் அளந்துதான் விற்கிறார்கள். இங்கே உச்சி வெயிலில் கூரைப் பேனல் 60 டிகிரி வரை சுடும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேலாகக் குறைந்துகொண்டே வந்தால், வாங்கிய திறனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே போய்விடுகிறது.

இதற்கு நம் ஊர் கண்ட விடை கலத்துக்குள் இல்லை, தண்ணீரில் இருந்தது. 2016இல் செரிசும் பொதுப் பயனீட்டுக் கழகமும் சேர்ந்து தெங்கேயில் ஒரு மெகாவாட் மிதக்கும் சோதனைத் தளம் அமைத்து, பலவகை மிதவைகளையும் பேனல்களையும் ஒரே நீரில் வைத்துப் பார்த்தன. நீரின் குளிர்ச்சியால் மிதக்கும் பேனல்கள் கூரைப் பேனல்களைவிட 5 முதல் 15 விழுக்காடு வரை நன்றாகச் செயல்பட்டன. அந்த அனுபவத்தின் மேல்தான் ஐந்தாண்டு கழித்து 60 மெகாவாட் நிலையம் எழுந்தது. சிலிக்கன் பாதையில் சிங்கப்பூர் செய்த மிகப் பயனுள்ள கூட்டு வேலை என்று நான் சொல்வது இதைத்தான்.

அடுக்குக் கலம்: நம்பிக்கையும் கவலையும் இங்கேதான்

சிலிக்கனின் மேல் பெரோவ்ஸ்கைட் என்ற பொருளை மெல்லிய படலமாகப் பூசினால் அடுக்குக் கலம். மேலே கண் பெரிய சல்லடையையும் கீழே கண் சிறிய சல்லடையையும் வைத்துச் சலிப்பது மாதிரி, நீலம், பச்சை போன்ற ஆற்றல் மிகுந்த ஒளியை மேலடுக்கு பிடித்துக்கொள்ளும். சிவப்பும் அகச்சிவப்பும் அதைக் கடந்து கீழே சிலிக்கனுக்கு இறங்கும். அதனால் 29.4 என்ற எல்லை இதைக் கட்டுப்படுத்தாது. சிறிய பரப்பில் செய்த அடுக்குக் கலங்கள் 34 விழுக்காட்டையும் தாண்டிவிட்டன.

பெரோவ்ஸ்கைட் வளர்ந்த வேகம் அசாதாரணமானது. 2009இல் ஜப்பானின் சுத்தோமு மியாசாகா குழு இதைக் கலத்தில் வைத்தபோது கிடைத்தது 3.8 விழுக்காடு. அது ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று புரிந்ததில் சிங்கப்பூருக்குப் பங்கு இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பலருக்கு இது தெரியாது.

ஒளி பட்டவுடன் பொருளுக்குள் எலக்ட்ரானும் அது விட்டுப் போன ‘துளை’யும் பிரிகின்றன. இரண்டும் மீண்டும் கூடி வீணாவதற்குள் எதிரெதிர் முனைகளைப் போய்ச் சேர வேண்டும். மலிவாகக் கரைசலில் இருந்து பூசிய பொருளில் இவை பத்து நானோமீட்டர் போனாலே பெரிய விஷயம் என்பதுதான் பொதுவான அனுபவம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சுபோத் மைசல்கர், நிரிபன் மேத்யூஸ் ஆகியோரின் பொருளறிவியல் குழு படலங்களைச் செய்தது. இயற்பியலாளர் சம் ட்சே சியெனின் குழு மிக மிகக் குறுகிய (ஃபெம்டோநொடி) லேசர் துடிப்புகளால் அவற்றைத் தட்டி, மின்னூட்டங்கள் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கின்றன என்று பார்த்தது. சுவிட்சர்லாந்தின் மைக்கேல் கிரெட்சலும் அந்த ஆய்வில் சேர்ந்திருந்தார். முடிவு: எலக்ட்ரான், துளை இரண்டுமே குறைந்தது 100 நானோமீட்டர் போகின்றன, அதுவும் ஏறக்குறைய சமமாக. 2013 அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த அந்தக் கட்டுரைக்கு முந்திய பக்கங்களிலேயே ஆக்ஸ்ஃபோர்டு குழுவின் கட்டுரையும் இருந்தது. சற்றே வேறான கலவையில் அவர்கள் கண்ட தூரம் ஒரு மைக்ரோமீட்டருக்கும், அதாவது 1,000 நானோமீட்டருக்கும் மேல். இரண்டும் சேர்ந்து வந்ததால்தான் உலகம் நம்பியது. படலம் செய்பவருக்கு லேசர் தெரியாது, லேசர்காரருக்குப் படலம் செய்ய வராது. கூட்டாராய்ச்சி என்றால் எனக்கு நினைவுக்கு வருவது இந்த வேலைதான்.

சரி, கவலைக்கு வருவோம். பெரோவ்ஸ்கைட்டுக்கு ஈரம் ஆகாது. கருத்த படலத்தைக் காப்பில்லாமல் ஈரக் காற்றில் வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகும். அந்த மஞ்சள் ஈய அயோடைடு, அதாவது பொருள் சிதைந்துவிட்டதன் அடையாளம். ஈயம் இருப்பதால் கசிவு பற்றிய கவலையும் கூடவே வருகிறது. நம் ஊர்க் காற்றைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? அலமாரியில் வைத்த தோல் செருப்பே பூசணம் பூத்துவிடுகிறது.

2024இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஹோ யீயின் குழு, பெரோவ்ஸ்கைட்டுக்குள் சயனேட்டைச் சேர்த்து ஒரு சதுர சென்டிமீட்டர் மூவடுக்குக் கலத்தில் 27.1 விழுக்காட்டைத் தொட்டது. அருமையான வேதியியல். சயனேட் சேர்த்த பெரோவ்ஸ்கைட் கலம் தனியாகத் தொடர்ந்து 300 மணிநேரம் ஓடியும் 96 விழுக்காட்டுக்கு மேல் தாக்குப்பிடித்தது. ஆனால் 300 மணிநேரம் என்பது பன்னிரண்டரை நாள். சிலிக்கன் பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். ஆய்வுக்கூடச் சோதனையையும் வணிக உத்தரவாதத்தையும் அப்படியே எடைபோடக் கூடாதுதான். என்றாலும் கடக்க வேண்டிய தூரம் எவ்வளவு என்பதை இந்த இரண்டு எண்களைப்போல வேறெதுவும் சொல்லாது. 2024 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு பிவி நிறுவனம் முதல்முறையாக வணிக அளவில் அனுப்பிய அடுக்குப் பேனலின் திறன் 24.5 விழுக்காடு. ஆய்வுக்கூடத்தின் 34 எங்கே, தொழிற்சாலையிலிருந்து வந்த 24.5 எங்கே! பரப்பு பெரிதாகும்போது படலம் எங்கும் ஒரே சீராக அமைவது அவ்வளவு கடினம்.

சிலிக்கனுக்குப் பதிலாக, வளையக்கூடிய கரிமப் படலத்தின் மேல் பெரோவ்ஸ்கைட்டை வைக்கும் வகையும் உண்டு. ஹோ யீ குழு 2022இல் அதில் 23.6 விழுக்காடு காட்டியது. எடை தாங்காத கூரைக்கும் சுவருக்கும் இது வரலாம், ஆனால் ஆயுள் பிரச்சினை இங்கே இரட்டிப்பு.

செயற்கை ஒளிச்சேர்க்கை: இப்போதைக்கு வேண்டாம்

மூன்றாவது பாதை மின்சாரத்தையே தாண்டிப் போகிறது. வெயிலையும் தண்ணீரையும் வைத்து நேரடியாக ஹைட்ரஜன். 1972இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடில் இது முடியும் என்று காட்டினார்கள். 2021இல் டோக்கியோவின் கசுனாரி டோமென் குழு 100 சதுர மீட்டர் தளமே அமைத்துக் காட்டியது. அதில் அதிகபட்சத் திறன் 0.76 விழுக்காடு. சாதாரணச் சிலிக்கன் பேனலின் மின்சாரத்தை, தண்ணீரைப் பிரிக்கும் மின்பகுப்புக் கருவிக்குக் கொடுத்தாலே 14 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் ஹைட்ரஜனாகக் கிடைத்துவிடும். இடம் இல்லாத நமக்கு இந்த ஒரு எண் போதும்.

அறிவியலாக இதை ஒதுக்கச் சொல்லவில்லை. ஜூரோங் தீவில் வேதித் தொழிற்சாலைகள் இருக்கும் நாடு இது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இங்கே ஆய்வு நடத்தும் கிரியேட் வளாகத்தில் கேம்பிரிட்ஜும் பெர்க்லியும் சேர்ந்து, மின்சாரத்தால் கரியமில வாயுவை எத்திலீன் போன்ற பொருளாக மாற்றும் வேலையைச் செய்தன. அந்தத் திசை நமக்குப் பொருந்தும். ஆனால் அது கூரைக்கான போட்டியில் இல்லை.

நேருக்கு நேர்

ஆக, உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும்தான். அதிலும் அடுக்குக் கலத்துக்குச் சிலிக்கனே அடித்தளம் என்பதால் ஒன்றை விட்டால்தான் மற்றொன்று என்ற நிலை இல்லை. திறனில் அடுக்குக் கலம் வெல்கிறது. சூட்டிலும் அதற்கே கை ஓங்கும். வெப்பத்தால் பெரோவ்ஸ்கைட் இழக்கும் திறன் பொதுவாகச் சிலிக்கனைவிடக் குறைவு. ஆயுளில் சிலிக்கன் கண்ணை மூடிக்கொண்டு வெல்கிறது. விலையை இப்போதே ஒப்பிடுவதில் பொருளில்லை.

நான் அடுக்குக் கலத்தின் பக்கம். ஆனால் சிங்கப்பூர் இன்னொரு சாதனை எண்ணைத் துரத்துவதில் எனக்கு உற்சாகம் இல்லை. அதில் சீனத்துப் பெரு நிறுவனங்களோடும் பெர்லின் ஆய்வுக்கூடங்களோடும் மல்லுக்கட்ட வேண்டும். நம்மிடம் மட்டும் தாராளமாக இருப்பது சூடும் ஈரமும் கலந்த காற்று. தர நிர்ணயச் சோதனையில் பேனலை 85 டிகிரி சூட்டில், 85 விழுக்காடு ஈரப்பதத்தில் 1,000 மணிநேரம் அடைத்து வைக்கிறார்கள். ஆனால் நம் கூரையில் நடப்பது வேறு: காலையில் வெயில், மதியம் திடீர் மழை, அரை மணியில் மீண்டும் சுள்ளென்ற வெயில், இரவில் இருட்டு. பெரோவ்ஸ்கைட்டுக்குள் அயனிகள் பகலில் நகர்ந்து இரவில் ஓரளவு பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. அதனால் தொடர்ந்து விளக்கு போட்டு அளப்பதும் வெளியில் வைத்து அளப்பதும் ஒன்றாகாது. 2020இல் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி இதற்குப் பொதுச் சோதனை முறைகளை வகுத்தபோது, ஒளியும் இருட்டும் மாறி மாறி வரும் சோதனையையும் சேர்த்தது இதனால்தான்.

நான் கேட்பது இதுதான்: ஒரே தொகுதியில் செய்த கலங்களைப் பெர்லினிலும், சவூதி அரேபியாவின் செங்கடல் கரையில் உள்ள காஸ்ட் பல்கலைக்கழகத்திலும், இங்கே ஒரு புளோக் கூரையிலும் ஒரே முறையில் வைத்து, செத்துப்போன கலங்களின் கணக்கையும் சேர்த்து வெளியிட வேண்டும். காப்புறை, விளிம்பு அடைப்பு, ஈயத்தைப் பிடித்து வைக்கும் படலம் ஆகியவை தலைப்புச் செய்தியில் வராத வேலைகள். பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்துவிட்டு எந்த ஆய்வுக்குழுவில் சேரலாம் என்று கேட்கும் நம் பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் அந்தப் பக்கம் போகத்தான்.

இன்றைக்கே கூரைக்குப் பேனல் போடப் போகிறவர் காத்திருக்க வேண்டியதில்லை, சிலிக்கனையே போடலாம். அப்புறம், ஈரமான வெளிச் சூழலில் சில ஆண்டுகள் நின்ற அடுக்குப் பேனல் வந்து சேரும்போது கூரை முழுவதையும் பிரிக்காமல் பேனலை மட்டும் மாற்றிக்கொள்ளும்படி தாங்கு சட்டகங்களையும் மின்கம்பிகளையும் அமைக்க வேண்டும் என்று இப்போதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.