ஒயிட் டவுனில் விற்கும் ஸ்டீரியோஸ்கோப்: வாங்குமுன் லென்ஸைத் தடவிப் பாருங்கள்

புதுச்சேரி ஒயிட் டவுனில் ஒரு பழம்பொருள் கடையில் கிடைக்கும் இந்தத் தேக்கு ஸ்டீரியோஸ்கோப் (ஓர் அட்டையில் பக்கம் பக்கமாக ஒட்டிய, சற்றே வேறுபட்ட இரு படங்களைக் கண்ணுக்கு ஒன்றாகக் காட்டி, ஆழத்தோடு ஒரே காட்சியாகத் தெரியச் செய்யும் கருவி), அமெரிக்க மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1861-இல் வடிவமைத்த கைக்கருவியின் நகல். அவர் காப்புரிமை வாங்கவில்லை. அதனால் அன்று முதல் பலரும் செய்து விற்கிறார்கள். மரவேலை நேர்த்தி.

பார்க்க வேண்டியது லென்ஸை. ஒவ்வொன்றும் ஆப்பு போல ஒருபக்கம் தடித்திருக்கும்; அந்தத் தடித்த விளிம்பு காதுப்பக்கம் வர வேண்டும். அட்டையில் இரு படங்களின் மையங்களும் 75 மி.மீ. அளவு தள்ளி இருக்கும், நம் கண்களுக்கு இடைவெளி ஏறத்தாழ 63 மி.மீ.தான். அந்த வித்தியாசத்தை ஈடுகட்டுவது இந்தத் தடிப்பு. மாற்றிப் பொருத்தியிருந்தால் படங்கள் ஒன்றுசேராது, கண்தான் வலிக்கும்.

உடன் தரும் மறுஅச்சு அட்டைகளில் அமெரிக்கப் படக்காரர் கார்ல்டன் வாட்கின்ஸ் கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் எடுத்த காட்சிகள் உண்டு. இவற்றுக்காகவே வாங்கலாம். தூரத்து மலையை மட்டும் எடுத்தால் இரு படங்களும் ஒன்றுபோலவே இருக்கும், ஆழம் வராது. அதனால் அக்காலப் படக்காரர்கள் அருகே ஒரு மரத்தையோ பாறையையோ சேர்த்துக்கொண்டார்கள். ஓவியத்தில் பின்னணியாக நின்ற மலைக்கு இப்படி ஒரு வாசல் கிடைத்தது. பார்ப்பவர் அந்தப் பாறையிலிருந்து உள்ளே நடக்கத் தொடங்கினார். வாட்கின்ஸ் 1861-இல் எடுத்த படங்கள் பரவிய பிறகு, 1864-இல் லிங்கன் அந்தப் பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்காக ஒதுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். வானம் வெளிறித் தெரிவது அச்சுக்குறை அல்ல, அக்காலத்தில் படம் எடுக்கப் பயன்பட்ட கொலோடியன் பூசிய கண்ணாடித் தகட்டில் நீல ஒளி மிகையாகப் பதியும்.

ஆங்கிலேயப் படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858-இல் திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் எடுத்த ஸ்டீரியோ படங்கள் இதில் இல்லை. நம் ஊரில் விற்கும் தொகுப்புக்கு இது பெரிய குறை. ஓர் அட்டையில் இரு படங்களும் இடவலம் மாறி ஒட்டப்பட்டு, தூரத்துப் பாறை மரத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது. இடப்பக்கப் படத்தில் அருகிலுள்ள பொருள், பின்னணியை ஒப்பிட்டால் சற்று வலப்பக்கம் தள்ளித் தெரிய வேண்டும். அப்படி இல்லையென்றால் வெட்டி மாற்றி ஒட்டுங்கள்.

சொந்தப் படங்களையும் 89 x 178 மி.மீ. அட்டையில் ஒட்டிப் பார்க்கலாம். மிக அருகிலுள்ள பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்துவது கணக்கு: 2 மீட்டரில் கிடக்கும் திருவக்கரைக் கல்மரத்துக்கு 6, 7 செ.மீ. போதும். செஞ்சி மலைக்குப் பல மீட்டர் நகர்ந்தால் ஆழம் கூடும், ஆனால் கோட்டை பொம்மைபோல் சிறுத்துவிடும். பிச்சாவரத்தில் படகிலிருந்து ஒரே கேமராவால் எடுக்க வேண்டாம். இரண்டு கிளிக்குக்கு நடுவே தண்ணீரும் இலையும் அசைந்து, பார்க்கும்போது மினுமினுக்கும்.

கடற்காற்றில் அட்டை நெளியும், லென்ஸில் பூஞ்சை ஏறும். பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுங்கள்.