கூலிங் வெஸ்ட்: என்எம்ஓ இருக்கிறவங்க வாங்கலாமா?

வாங்கலாம் (உடம்ப குளுமையா வச்சுக்க போடுற கையில்லாத மேலங்கிதான் கூலிங் வெஸ்ட்), ஆனா எந்த டைப்னு பாத்து வாங்குங்க. அக்காவுக்கு என்எம்ஓ (நியூரோமைலிடிஸ் ஆப்டிகா). கண் நரம்பையும் தண்டுவடத்தையும் நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே தாக்குற வியாதி, டெவிக்னு ஒரு டாக்டர் 1894லயே இத பத்தி எழுதிட்டாரு, ஆனா இத அடையாளம் காட்டுற ஆன்டிபாடிய (ரத்தத்துல இருக்குற எதிர்ப்புப் புரதம்) 2004லதான் கண்டுபிடிச்சாங்க, அதுவரைக்கும் எத்தன பேருக்கு எம்எஸ்னு (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், இதே மாதிரி இருக்குற இன்னொரு நரம்பு வியாதி) சொல்லி வைத்தியம் பாத்திருப்பாங்களோன்னு நெனச்சாலே கஷ்டமா இருக்கு, ஏன்னா எம்எஸ்க்கு குடுக்குற சில மருந்து இதுல நோய இன்னும் மோசமாக்கிரும்.

அக்காவுக்கு இப்ப அட்டாக் (நோய் திரும்ப தாக்குறது) எதுவும் இல்ல, மருந்தும் ஒழுங்கா போகுது. ஆனாலும் வெயில்ல நின்னா, சுடுதண்ணில குளிச்சா, கொஞ்சம் வேகமா நடந்தா கண்ணு மங்கிரும், காலு பின்னிக்கும். உத்தாஃப்னு சொல்வாங்க. மயலின்னு நரம்ப சுத்தி இருக்குற உறை தேஞ்சுட்டா, அந்த நரம்புல அரை டிகிரி சூடு ஏறினாலே சிக்னல் தடைபடலாம், உடம்பு குளுந்தா தானா சரியாயிரும். காலைல நல்லாத்தானே நடந்தன்னு கேக்குறவங்ககிட்ட இத எப்படி புரிய வைக்கிறது சொல்லுங்க.

தண்ணில முக்கிப் போடுற வெஸ்ட் இருக்கு, வெயிட்டே இல்ல, ஆனா காத்துல ஈரம் அதிகமா இருந்தா தண்ணி ஆவியாகாது, வெறும் ஈரத்துணிய போட்டுக்கிட்டு நிக்கிற கதைதான். ஐஸ் ஜெல் டைப்ல எனக்கு பயம், தண்டுவடம் பாதிச்சவங்களுக்கு தோல்ல உணர்ச்சி கம்மியா இருக்கும், குளிர் ஏறுறது தெரியாமலே புண்ணாயிரும். நாங்க எடுத்தது ஃபேஸ் சேஞ்ச் பேக் (உருகும்போது சூட்ட இழுத்துக்குற பொருள் உள்ள பை) வச்சது, 15 டிகிரி கிட்ட உருகும், அதனால சுருக்குனு குத்தாது, ரெண்டு மணி நேரம் ஒரே அளவு குளிர்ச்சி நிக்குது. வெளிய கிளம்புறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே போட்டுட்டா இன்னும் நல்லா தாங்குது. இப்ப அக்கா யாரையும் பிடிக்காம கடைக்குப் போய்ட்டு வர்றா, எனக்கு அதவிட வேற என்ன வேணும்.

ஒண்ணு மட்டும் மறந்துராதீங்க, வெஸ்ட் மருந்து இல்ல. உடம்பு குளுந்த பிறகும் பார்வை திரும்பலன்னா, புதுசா மரத்துப் போனா, நிக்காத விக்கல் வாந்தி வந்தா (இதுல அதுவும் அட்டாக்தான், நிறைய பேர் வயித்துக் கோளாறுன்னு விட்டுர்றாங்க) அன்னைக்கே டாக்டர பாருங்க, அட்டாக்குக்கு குடுக்குற ஸ்டீராய்டு மருந்து தள்ளிப் போகப் போக பார்வையோ நடையோ முழுசா திரும்புற வாய்ப்பு குறையும்.

குறைன்னா தோள்ல வெயிட் ஜாஸ்தி, அப்புறம் பக்கவாட்டு பக்கிள் ரொம்ப சின்னது, விரல்ல பலம் இல்லாதவங்க தனியா மாட்டவே முடியாது. இப்படிப்பட்டவங்களுக்காகவே செய்றவங்க இத யோசிக்க வேணாமா? அதுக்காகவே ஒரு ஸ்டார் கொறச்சு நாலு குடுக்குறேன். வாங்கும்போதே இன்னொரு செட் பேக்கும் சேத்து வாங்கிருங்க, ஒண்ணு உருகினா மாத்திக்க ஆகும்.