எங்கே நோவு? அல்சூரில் மூன்று வாரம்

இந்த முறை ஊருக்குப் போனதில் கல்யாணமும் இல்லை, கோயில் பயணமும் இல்லை. மூன்று வாரமும் டாக்டர் வாசலிலேயே போய்விட்டது. ஊர் என்றால் பெங்களூரு அல்சூர். தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து கன்டோன்மென்ட் பக்கம் பிழைக்க வந்த குடும்பம். நான் இங்கிலாந்தில் ரெடிங்கில் இருக்கிறேன், வயது 52. அக்காவுக்கு 57, பிறந்த தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள்.

அக்காவுக்கு ஆறு வருஷமாக உடம்பெல்லாம் வலி. போனில் கேட்டால் "அது கிடக்குடா" என்பாள். நேரில் பார்த்தபோதுதான் தெரிந்தது, மாடிப்படி ஏற ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்து நிற்கிறாள். எனக்கும் விமானத்தில் பத்து மணி நேரம் உட்கார்ந்து வந்து, பெட்டியைத் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. சரி, இருவரும் சேர்ந்தே போய்விடலாம் என்று ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் ஆப் வழியாக அடுத்தடுத்த டோக்கன் போட்டேன். ஆளுக்கு 900 ரூபாய். ஏசி, காபி, பளபளவென்று எல்லாம் இருந்தது.

ஒரே டாக்டர், ஒரே காலை. என்னை உட்காரவைத்து பத்துப் பன்னிரண்டு நிமிஷம் பேசினார், குனியச் சொன்னார், காலைத் தூக்கிப் பார்த்தார், எம்.ஆர்.ஐ. எழுதினார். அக்காவுக்கு நாலு நிமிஷம் இருக்கலாம். அவள் தோள், கழுத்து, முழங்கால் என்று சொல்லிக்கொண்டே வர, அவர் பக்கத்தில் நின்ற மாமாவை, அதாவது அக்காவின் வீட்டுக்காரரைப் பார்த்து "இந்த வயசுல லேடீஸுக்கு இதெல்லாம் இருக்கும் சார், டென்ஷன் குறைக்கச் சொல்லுங்க" என்றார். கால்சியம், வலி மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, அவ்வளவுதான். அவள் வலிக்கான பதில் அவளிடம் சொல்லப்படவே இல்லை.

வெளியே வந்ததும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது, என்னை ஒழுங்காகப் பார்த்தார் என்று. 7,500 ரூபாய் கொடுத்து எம்.ஆர்.ஐ. எடுத்தேன். "டிஸ்க் பிதுக்கம்" (முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கிற வட்டு பிதுங்குவது) என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் இரண்டு நாள் குனியவே பயந்தேன். மகள் இங்கிலாந்தில் மருத்துவம் நான்காம் வருஷம் படிக்கிறாள். வீடியோ காலில் காட்டினேன், சிரித்தாள். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வில், ஐம்பது வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கு இந்தப் பிதுக்கம் இருந்ததாம். காலில் பலவீனம், சிறுநீர் கட்டுப்பாடு போவது, காரணமில்லாமல் எடை குறைவது மாதிரி அபாய அறிகுறி எதுவும் இல்லையென்றால் ஆரம்ப வாரங்களில் ஸ்கேனே வேண்டாமாம். "அப்பா, உங்களுக்குத் தேவையில்லாததைச் செய்திருக்கிறார்கள். அத்தைக்குத் தேவையானதைச் செய்யவில்லை" என்றாள்.

அப்புறம் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாள். பல பத்தாண்டுகளாக வலி ஆராய்ச்சி பெரும்பாலும் ஆண் எலிகளை வைத்துத்தான் நடந்ததாம். 2015இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து ஜெஃப்ரி மோகில் குழுவினர், ஆண் எலிகளில் வலியை நீட்டித்து வைப்பதில் மைக்ரோகிளியா என்ற நரம்புமண்டல செல்லுக்குப் பங்கு என்றால், பெண் எலிகளில் அந்த வேலையை டி செல்கள் என்ற எதிர்ப்புசக்தி செல்கள் செய்வதாகத் தெரிகிறது என்று காட்டினார்கள். மருந்தின் அளவிலும் இந்தக் கதைதான். ஜோல்பிடம் என்ற தூக்க மாத்திரை பெண்கள் உடலில் மறுநாள் காலையிலும் தங்குகிறது என்று, 2013இல்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது. அதுவரை ஆணுக்குத் தைத்த சட்டையைத்தான் எல்லாருக்கும் போட்டிருக்கிறார்கள். ஹார்மோன், மாதவிடாய், எதிர்ப்புசக்தி எல்லாம் ஒரு பக்கம். வீட்டில் யார் தண்ணி கேன் தூக்குகிறார்கள், யார் வலியை வெளியே சொல்லலாம் என்பது இன்னொரு பக்கம். இரண்டையும் கேட்காமல் நாள்பட்ட வலியைப் பார்க்க முடியாது என்று முடித்தாள். நாள்பட்ட வலி என்றால் மூன்று மாதத்துக்கு மேல் என்று கணக்கு. அக்காவுடையது எழுபது மாதம்.

அக்காவின் தோழி ஒருவர் சொல்லி வேறொரு டாக்டரிடம் போனோம். அறுபதைத் தாண்டிய அம்மா. ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையிலிருந்து நடக்கிற தூரத்தில், பழைய வீட்டின் முன்னறைதான் கிளினிக். (பதினெட்டு வருஷம் துணி சுற்றி வைத்து 2009இல் திறந்த அதே சிலைதான். ஆட்டோக்காரருக்கு அட்ரஸ் சொல்ல இப்போது ரொம்ப உதவுகிறது.) ஆப் கிடையாது. காலை ஏழரைக்கு யாராவது போய் நோட்டில் பெயர் எழுத வேண்டும். கட்டணம் 300 ரூபாய். காத்திருந்தது இரண்டேகால் மணி நேரம், மர பெஞ்சில். இடுப்பு வலிக்காரனுக்கு இது ஒரு தனிச் சோதனை.

டாக்டர் கன்னடக்காரர். தமிழ் நன்றாகவே பேசுகிறார், ஆனால் முதல் கேள்வி எப்போதும் "எல்லி நோவு?", எங்கே நோவு என்று. கன்னடத்திலும் நோவு, நமக்கும் நோவு. அக்காவுக்கு அந்த ஒரு சொல்லிலேயே வாய் திறந்துவிட்டது. தோளில் கடுப்பு, காலில் குடைச்சல், பாதத்தில் எரிச்சல், முதுகில் பிடிப்பு, காலையில் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி அசதி. பெரிய மருத்துவமனையில் இதையெல்லாம் "பெயின்" என்ற ஒரே கட்டத்தில் போட்டு பத்துக்கு எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். இவர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதிக்கொண்டார். எரிச்சல் என்றால் நரம்பு பக்கம் யோசிக்க வேண்டும், காலையில் விறைப்பு முக்கால் மணி நேரம் நீடித்தால் மூட்டழற்சி பக்கம் யோசிக்க வேண்டும் என்று விளக்கவும் செய்தார்.

அடுத்து மாமாவிடம், "நீங்க வெளியே உட்காருங்க சார், கூப்பிடறேன்." மாமா திகைத்துப் போனார். நானும்தான். பிறகு அக்கா சொன்னதிலிருந்து, என்ன கேட்டார் என்று தெரிந்துகொண்டேன். மாதவிடாய் எப்போது நின்றது, வலி அதற்கு முன்னா பின்னா. பிரசவங்கள் எப்படி. தூக்கம் எத்தனை மணி நேரம், நடுவில் யாருக்காக எழுந்திருக்கிறீர்கள். வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, பயமாக இருக்கிறதா. கடைசியாக, காலையிலிருந்து ராத்திரி வரை என்னென்ன வேலை, வரிசையாகச் சொல்லுங்கள். அக்கா சொல்லச் சொல்ல அவளுக்கே ஆச்சரியமாம்: 20 லிட்டர் தண்ணி கேனைத் தூக்கிக் கவிழ்ப்பது, மாடியில் துணி உலர்த்துவது, படுத்திருக்கிற மாமியாரைத் திருப்பிப் படுக்கவைப்பது. அதிலும் அந்த மாமியார் வேலை ராத்திரியில் இரண்டு தடவை. மாதவிடாய் நின்றது ஐம்பதில், வலி தொடங்கியது அதற்கு அடுத்த வருஷம். அந்தக் காலத்தில் மூட்டும் தசையும் வலிப்பது சாதாரணம்தான். "சாதாரணம்னா மருந்து கிடையாதுன்னு அர்த்தமில்லை" என்று டாக்டர் சொன்னாராம். ஆறு வருஷத்தில் இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்த முதல் ஆள் இவர்.

ரத்தப் பரிசோதனை எழுதினார்: ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, விட்டமின் டி, பி12, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சர்க்கரை, சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின். லேப் ஆள் காலை ஆறரைக்கு வீட்டுக்கே வந்து எடுத்துப்போனார், மாலையில் வாட்ஸாப்பில் ரிப்போர்ட். இந்த விஷயத்தில் பெங்களூரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ரெடிங்கில் ரத்தம் எடுக்கவே ஒன்றரை வாரம் காத்திருந்திருக்கிறேன்.

ஹீமோகுளோபின் 9.8, ஃபெரிட்டினும் கீழே. விட்டமின் டி குறைவு. மற்றவை பரவாயில்லை. இங்கேதான் அந்த டாக்டரின் அருமை தெரிந்தது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இவ்வளவு பேருக்கு இருப்பதாலேயே யாரும் காரணம் தேடுவதில்லை. பொம்பளைக்கு ரத்தம் கம்மியாகத்தான் இருக்கும் என்று ஒரு இரும்பு மாத்திரையோடு விட்டுவிடுகிறோம். டாக்டர் கேட்டது: "பீரியட்ஸ் நின்னு ஏழு வருஷம் ஆச்சு. அப்புறம் ரத்தம் எங்கே போகுது?" மருந்துப் பையைக் கொட்டச் சொன்னார். டைக்ளோஃபெனாக் கலந்த வலி மாத்திரை, மூன்று வேறு பெயரில் மூன்று அட்டை. மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமலே வாங்கி, நாலு வருஷமாக ஒருநாள் விட்டு ஒருநாள். இந்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும். எண்டோஸ்கோபியில், அதாவது வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்ததில், இரைப்பையில் புண்கள், மெதுவாகக் கசிந்துகொண்டிருந்தன. பெருங்குடலையும் பார்த்துவிட வேண்டும் என்று அதற்கும் எழுதினார். அது நான் கிளம்பிய பிறகு நடந்தது, ஒன்றும் இல்லை.

இந்த டைக்ளோஃபெனாக்கைத்தான் மாடுகளுக்குப் போட்டு, அந்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டங்கூட்டமாகச் செத்தன. 2006இல் கால்நடைக்குத் தடை வந்தது. மனிதருக்கான பெரிய ஊசிமருந்துக் குப்பிகளை மாட்டுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று 2015இல் குப்பியின் அளவையும் 3 மில்லியோடு நிறுத்தினார்கள். மைசூர் ரோட்டில் ராமநகரத்தில் அந்தக் கழுகுகளுக்கு ஒரு சரணாலயமே இருக்கிறது. கழுகுக்காவது கணக்கெடுத்துப் பார்த்தார்கள் என்று அக்கா சொன்னாள். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

என் முறை வந்தபோது அக்காவை வெளியே அனுப்பினார். "எப்படி இருக்கு?" "லேசா இருக்கு டாக்டர்." "லேசான்னா இரண்டே கால் மணி நேரம் ஏன் உட்கார்ந்திருந்தீங்க?" ஆண்கள் எல்லாரும் லேசா என்றுதான் சொல்வார்களாம், கூட வீட்டுப் பெண்கள் இருந்தால் இன்னும் லேசாகிவிடுமாம். அப்புறம் ராத்திரி எத்தனை தடவை சிறுநீருக்கு எழுகிறேன், வலிக்காகக் குடி கூடியிருக்கிறதா, வேலை எப்படிப் போகிறது, தாம்பத்தியத்தில் சிரமம் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். கடைசி இரண்டுக்கும் நான் சொன்ன பதில் இங்கே வேண்டாம். ரெடிங்கில் என் டாக்டரிடம் பன்னிரண்டு வருஷமாகப் போகிறேன், இதைச் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. எம்.ஆர்.ஐ. கவரை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "நடங்க. பயப்படாதீங்க." பத்து நாளில் சரியாகிவிட்டது.

அக்காவுக்குப் புண்ணும் ரத்தசோகையும் போக மிச்சம் இருக்கிற வலிக்குப் பெயர் ஃபைப்ரோமயால்ஜியாவாக (உடம்பெல்லாம் பரவி நிற்கிற நாள்பட்ட வலி) இருக்கலாம் என்றார். முன்பெல்லாம் உடம்பில் 18 இடத்தை அழுத்திப் பார்த்து 11இல் வலித்தால்தான் அந்தப் பெயர் வைப்பார்களாம், 1990இல் வந்த விதி. 2010க்குப் பிறகு அழுத்துவதை விட்டுவிட்டு, எங்கெல்லாம் வலி, தூக்கம், அசதி, மறதி எப்படி என்று கேட்டுக் கணக்கிடுகிறார்கள். இதில் ஆண்களும் முன்னைவிட அதிகமாகப் பிடிபடுகிறார்களாம். டுலாக்செடின் இந்த வலிக்குக் கொடுக்கிற மருந்துதான், ஆனால் ரத்தக்கசிவு வாய்ப்பைக் கூட்டும், வயிறு ஆறட்டும் என்றார். ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், கண் அழுத்தமும் இதயக் கோளாறும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு. சீட்டைப் பார்த்த மெடிக்கல் ஷாப் பையன் "இது டிப்ரெஷன் மாத்திரை ஆன்ட்டி" என்று சத்தமாகச் சொல்ல, அக்கா வாங்காமல் திரும்பி வந்துவிட்டாள். மறுபடி போய், டாக்டரே உட்காரவைத்து, இந்தச் சின்ன அளவில் இது வலி நரம்பை அடக்கத்தான், உன் வலி கற்பனை என்று நான் சொல்லவில்லை என்று புரியவைக்க வேண்டியிருந்தது. மகள் சொன்னாள், இங்கிலாந்தின் 2021 வழிகாட்டியும் காரணம் தெளிவாகத் தெரியாத இந்த மாதிரி நாள்பட்ட வலிக்கு வழக்கமான வலி மாத்திரைகளைத் தொடங்க வேண்டாம், உடற்பயிற்சிதான் முக்கியம் என்கிறதாம்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். பழைய சீட்டு, மருந்து அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டுபோங்கள். மாதா மாதம் வாங்குகிற மருந்துக்கு மத்திய அரசுத் திட்டத்தின் மலிவு மருந்துக் கடையான ஜன் ஔஷதியைப் பாருங்கள், விலை வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. மாமாவின் பிரஷர், சுகருக்கு "நம்ம கிளினிக்" என்ற பெயரில் இருக்கிற அரசு கிளினிக்குக்குப் போனோம், கர்நாடக அரசாங்கம் 2022 டிசம்பரில் தொடங்கியது. டாக்டரும் மாத்திரையும் இலவசம், கூட்டமும் இல்லை. பிசியோதெரபி வீட்டுக்கு வர ஒரு தடவைக்கு 600 கொடுத்தோம். பெண் பிசியோ வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், நாங்கள் சொல்லாமல் ஒரு வாரம் வீணானது. முக்கியமாக, உங்கள் அம்மாவோ அக்காவோ உள்ளே போகும்போது கூடவே போய் அவர்களுக்காகப் பதில் சொல்லாதீர்கள். நானே முதல் தடவை அதைத்தான் செய்தேன்.

கடைசி நாள் டாக்டர் மாமாவைக் கூப்பிட்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். மருந்துச் சீட்டு மாதிரியே: தண்ணி கேன், மாடித் துணி, ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவைத் திருப்புவது, தினம் ஒருவேளை சாதம் வடிப்பது. கீழே கையெழுத்து, சீல். மாமா அதை ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். அக்கா நேற்று போன் செய்தாள். ஹீமோகுளோபின் 11.1, வலி குறைந்திருக்கிறது, போகவில்லை. சாதம் குழையாமல் வருகிறதாம். பருப்புதான் இன்னும் வேகவில்லை.