கோல்ட்ஷ்லேகர்: கண்ணுக்குத் தங்கம், நாவுக்கு இலவங்கப்பட்டை

புட்டியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்தினால், அடியில் படிந்து கிடந்த தங்கத் துணுக்குகள் மொத்தமாக மேலெழுந்து, கண்ணாடி போல் தெளிந்த மதுவுக்குள் புரண்டு புரண்டு மெல்ல இறங்குகின்றன. ஒவ்வொரு துணுக்கும் திரும்பும் கணத்தில் மின்னி, மறுகணம் மங்குகிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த இலவங்கப்பட்டை லிக்யூரான (இனிப்பும் மணமும் சேர்த்த மதுவான) கோல்ட்ஷ்லேகரை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் காட்சிக்காகவே வாங்குகிறார்கள். அதில் குறை காண எனக்கு மனமில்லை. ஆனால் கண் நிறைந்த பிறகு நாவுக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? இரண்டு புட்டிகளை நிதானமாகக் குடித்து முடித்த அனுபவத்தில் அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தங்கத்தைப் பற்றிய ஐயத்தைத் தீர்த்துவிடலாம். இது உண்மையான தங்கம்தான். உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட தங்கத்துக்கு ஐரோப்பாவில் இ175 என்ற குறியெண் உண்டு. தண்ணீரைப் போல் 19 மடங்கு அடர்த்தியுள்ள உலோகம் கல்லைப் போல் மூழ்காமல் மிதந்து இறங்குவதற்குக் காரணம் அதன் மெல்லிய தன்மை. தங்க ரேக்கின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஒரு லிட்டர் புட்டியில் ஏறக்குறைய 13 மில்லிகிராம் தங்கம் இருப்பதாக அளந்து சொல்லப்பட்டுள்ளது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்தத் தங்கம் முழுவதையும் ஒரே ரேக்காக விரித்தால், பக்கத்துக்கு எட்டு சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரம்தான் வரும். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சதுரத்தைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டதுதான் புட்டி முழுவதும் மின்னுகிறது. ஆகவே தங்கத்துக்காக இதை வாங்கிச் சேமிக்க நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிடலாம். கோல்ட்ஷ்லேகர் என்ற ஜெர்மன் சொல்லுக்கே தங்கத்தை அடித்து ரேக்காக்குபவர் என்றுதான் பொருள். மாட்டுக்குடல் சவ்வுகளுக்கு இடையே தங்கத்தை அடுக்கி, சுத்தியலால் மணிக்கணக்கில் தட்டி மெலிதாக்கிய அந்தக் கைவினைஞர்களின் பெயரைத் தாங்கிய மது இது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

தங்கத்துக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. வாய்க்குள் அது இருப்பதே தெரியாது. எப்போதாவது ஒரு துணுக்கு உதட்டில் ஒட்டிக்கொண்டால் மட்டும், விரலால் எடுத்துப் பார்க்கும்போது தெரியும். எனவே இந்த மதுவின் பெருமையும் சிறுமையும் இலவங்கப்பட்டையைப் பொறுத்தவை.

அந்த வகையில் இது தேறிவிடுகிறது என்பதே என் தீர்ப்பு. மூடியைத் திறந்ததும் வரும் மணம் மிட்டாயை நினைவூட்டுகிறது. ஆனால் ஒரு வாய் அருந்தியதும் அந்த எண்ணம் மாறுகிறது. முதலில் நாவின் நுனியில் இனிப்பு பரவுகிறது. அதை விழுங்குவதற்குள் பட்டையின் காரம் நாவின் நடுவிலிருந்து கிளம்பி, கன்னங்களின் உட்புறத்தைத் தொட்டு, தொண்டையில் இறங்கி, ஒரு நிமிடம் வரை கனன்றுகொண்டிருக்கிறது. மிளகாயைப் போல் சுள்ளென்று குத்தும் காரம் அல்ல இது. பட்டையைக் கடித்து மென்றால் வருமே, அந்த இதமான, சற்றே உறைப்பான சூடு. பட்டைக்கு அதன் மணத்தையும் சூட்டையும் தருவது சின்னமால்டிஹைடு என்ற பொருள்தான். இலங்கைப் பட்டையில் அதனுடன் யூஜினால் என்ற மணப்பொருளும் கூடுதலாக இருப்பதால் மணம் மென்மையாக இருக்கும். தடித்த காசியா பட்டையிலோ காரம் மேலோங்கும். இந்த மது என் நாவுக்குக் காசியாவின் பக்கமே சாய்வதாகத் தோன்றியது. பட்டையின் நுட்பமான மலர்வாசனையை எதிர்பார்ப்பவர்களுக்கு அது இங்கே கிடைக்காது.

என்னைத் தயங்க வைப்பது இனிப்பு. லிக்யூர் என்ற பெயருக்கே லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரையாவது இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி என்பதால், இனிப்பைக் குற்றமாகச் சொல்ல முடியாது. ஆயினும் அறையின் வெப்பநிலையில் குடித்தபோது இரண்டாவது கிண்ணம் எனக்குத் திகட்டியது. அதற்குத் தீர்வு குளிர்தான். 43.5 சதவீதம் ஆல்கஹால் இருப்பதால் வீட்டு ஃபிரீசரின் மைனஸ் 18 டிகிரியிலும் இது உறையாது. மாறாகக் கெட்டிப்பட்டு, எண்ணெய் போல் வழுவழுப்பாக ஊற்றும் பதத்துக்கு வருகிறது. குளிரில் இனிப்பு அடங்கி, காரம் சற்றுத் தாமதித்து எழுகிறது. திரவம் கெட்டிப்படுவதால் துணுக்குகளும் இன்னும் நிதானமாகவே இறங்குகின்றன. ஃபிரீசரிலிருந்து எடுத்து, சிறிய கிண்ணத்தில் ஊற்றி, மெல்ல மெல்லப் பருகுவதைத் தவிர வேறெப்படியும் இப்போது நான் இதைக் குடிப்பதில்லை. காக்டெய்லில் கலந்து குலுக்கியபோது, தங்கம் குலுக்கும் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு வீணாகிவிட்டது. சூடான ஆப்பிள் சாற்றில் ஒரு மேசைக்கரண்டி விட்டுக் கலந்தது மட்டும் நன்றாக இருந்தது.

இனிப்பும் குளிரும் சேர்ந்து மதுவின் வீரியத்தை மறைத்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. 30 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 10 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது; விஸ்கிக்கு இது எந்த வகையிலும் குறைந்ததல்ல. தங்கத் துணுக்குகள் தொண்டையைக் கீறி, ஆல்கஹாலை விரைவாக ரத்தத்தில் கலக்கச் செய்கின்றன என்று ஒரு கதை நெடுநாளாக உலவுகிறது. அது உண்மையல்ல. விரலிடுக்கில் தேய்த்தாலே காணாமல் போகும் ரேக்கு எதையும் கீறாது; செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். போதை விரைவாக ஏறினால், அதற்குக் காரணம் வேகமாகக் குடித்ததுதான்.

தங்கம் மிதக்கும் மது புதிய யோசனையும் அல்ல. போலந்தின் க்தான்ஸ்க் நகரில், 1598-இல் தொடங்கிய மரபைச் சொல்லிக்கொள்ளும் கோல்ட்வாசர் இதற்கு மூத்தது. அதில் பட்டையோடு சோம்பு, ஏலக்காய் போன்ற பல வாசனைப் பொருள்கள் சேர்வதால் ஒவ்வொரு வாய்க்கும் ஒவ்வொரு மணம் முன்வருகிறது. பல மணங்களை விரும்புபவர்கள் அதையே நாடலாம். பட்டை ஒன்றை மட்டும் தெளிவாகவும் அழுத்தமாகவும் விரும்புபவர்களுக்குக் கோல்ட்ஷ்லேகரையே நான் பரிந்துரைப்பேன்.

வாங்குபவர்கள் ஊற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தங்கம் அடியில் தங்கிவிடுவதால், அசைக்காமல் ஊற்றினால் முதல் கிண்ணங்களில் வெறும் பட்டை மதுவே விழும். என் முதல் புட்டியில் அப்படித்தான் ஆயிற்று: விருந்தினர் அனைவருக்கும் இரண்டு மூன்று துணுக்குகளே கிடைக்க, ஒரு வாரம் கழித்து நான் தனியாக ஊற்றிய கடைசிக் கிண்ணத்தில் மீதித் தங்கம் முழுவதும் வந்து விழுந்தது.